நாலு காது வைத்த கூடை

பக்கத்து வீட்டு ரோஹானியிடம் வாய் திறந்து மன்னிப்புக் கேட்காமலேயே காரியத்தை முடித்துக்கொள்ள எனக்கு ஒரு பொருள் வேண்டியிருந்தது. அந்தத் தடவை நான் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போனதில் பாதி தங்கையைப் பார்க்க, பாதி அந்தப் பொருளைத் தேட. தங்கை வசந்தாவிடம் முதல் பாதியை மட்டும் சொல்லியிருந்தேன்.

ரோஹானி மலாய்க்காரி. எங்கள் அடுக்குமாடி பிளாக்கில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த கதவு. என் கணவர் காலமாகி, மகளும் மெல்பர்ன் பக்கம் போய்விட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போவோம். பத்துக் கிலோ அரிசிப் பையை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு, வழியில் இறக்கி இறக்கி வைத்து ஊர் வம்பு பேசி வீடு வந்து சேர்வோம். ஒருமுறை நான் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போன என் கறிவேப்பிலைச் செடியின் தலையை அவள் வெட்டிவிட்டாள். வெட்டினால்தான் கிளைக்கும் என்றாள். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என்னைக் கேட்காமல் கத்தரிக்கோலை எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வீட்டுக் கதவுகள் வரிசையாகத் திறக்கும் எங்கள் மாடி நடைபாதையில் நாலு பேர் முன்னால் நான் ஒன்று சொன்னேன், அவள் ஒன்று சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு கதவும் சாத்தியே கிடந்தன. இருவரும் வேறு வேறு நேரத்தில் சந்தைக்குப் போய் இரண்டு கிலோ பொட்டலமாக அரிசி வாங்கிவந்தோம். செடி மூன்று பக்கமும் கிளைத்துவிட்டது, அது வேறு விஷயம்.

நான் போட்ட திட்டம் இது. அந்த நடைபாதையில் வீடு இருக்கும் எல்லோருக்கும் ஊரிலிருந்து ஒரு பரிசு. அவளுக்கும் ஒன்று. அவள் கம்பிக்கதவில் மாட்டிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட வேண்டும். எடுத்துக்கொண்டால் சமாதானம். அவளுடையது மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தால் நான் கெஞ்சுவதாக ஆகிவிடும், சிறிதாக இருந்தால் சண்டை வளரும். ஆகவே எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கையால் செய்ததாகவும் இருக்க வேண்டும். ரோஹானி தையல்காரி. மெஷினில் வந்த பொருளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, செத்த எலியைப் போல் கீழே வைத்துவிடுவாள்.

வசந்தாவின் வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி. போய் இறங்கிய அன்று சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், தூக்கம் என்று போயிற்று. மறுநாள் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கைவினைப் பொருள் கண்காட்சி நடக்கிறது என்று வசந்தா நாளிதழுக்குள் வைத்து வந்த நோட்டீஸைக் காட்டினாள். நோட்டீஸில் 'கைவினை' என்ற சொல் இத்தனை முறை வந்திருந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

மண்டபம் நிறைய யானைகள். மர யானை, மாக்கல் யானை, மேலே கண்ணாடிச் சில்லு பதித்த யானை. ஒவ்வொரு கடையிலும் அதே யானை அதே பக்கம் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. முழுக்க முழுக்கக் கைவேலை என்றார் கடைக்காரர். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். வயிற்றில் சீனத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் மலிவுக் கடையிலும் இதே யானை வரிசையாக நிற்கும். ஸ்டிக்கரையும் கையால்தான் ஒட்டியிருப்பார்கள் என்றாள் வசந்தா. வெளியே வந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். அங்கே நாங்கள் பார்த்த ஒரே கைவேலை அதுதான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அடுத்த நாள் வசந்தா தன் தெருவிலேயே ஒருவரிடம் கூட்டிப் போனாள். கணபதி சார், தொலைபேசி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டாங்குச்சியில் கரண்டி செய்கிறார். தெருவில் யார் வீட்டில் தேங்காய் உடைத்தாலும் ஓடு அவருக்குப் போய்விட வேண்டும் என்பது எழுதாத சட்டமாம். ஓட்டின் மூன்று கண்ணும் ஒவ்வொரு கரண்டியிலும் சரியாகப் பிடிக்கு எதிரே வரும்படி வைத்திருந்தார். உள்பக்கம் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. ஆணி கிடையாது, பசை கிடையாது. ஓட்டில் துளை போட்டு மூங்கிலைச் செருகி, ஒரு சின்ன ஆப்பு.

அவை அழகாக இருந்தன. ஆனால் அவர் விற்கத் தயாராக இல்லை. முதலில் என்னை நேர்காணல் செய்தார். என் வீட்டில் என்ன அடுப்பு, ரசம் அடிக்கடி வைப்பேனா, பாத்திரத்தை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு என்று உண்மையைச் சொன்னதும் கரண்டியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டார். வசந்தா என் காலை மிதித்தாள். இனி ஊறப்போட மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகு இரண்டு கிடைத்தன. அதற்கு மேல் தரமாட்டாராம், முதலில் இவற்றை எப்படி வைத்துக்கொள்கிறேன் என்று பார்க்க வேண்டுமாம். அன்று சாயங்காலம் வசந்தா வீட்டுத் தொலைபேசி அடித்தது. கரண்டிகள் எப்படி இருக்கின்றன, வெயில் படுகிற இடத்தில் வைக்கவில்லையே என்று விசாரித்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குக்கூட யாரும் இவ்வளவு சீக்கிரம் பேசமாட்டார்கள்.

நடைபாதைக்கு இரண்டு கரண்டி போதாது. என்ன செய்வது என்ற யோசனையோடு மறுநாள் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டிருந்தபோது அந்தக் கூடையைப் பார்த்தேன். பூக்காரம்மா ஒருவர் மடியில் வைத்திருந்தார். மஞ்சளும் நீலமுமாக, ஏறக்குறைய இரும்புபோல் விறைப்பாக நின்றது. அது கடையில் விற்கும் வயர் இல்லை, கொஞ்சம் அகலமான பட்டை. பக்கவாட்டில் பட்டை முழுவதும் கொரிய எழுத்துகளா சீன எழுத்துகளா என்று தெரியாத ஏதோ அச்சாகி, கோலத்தின் ஓரம்போல் வரிசையாக வந்திருந்தது. எங்கே வாங்கியது என்று கேட்டேன். "படப்பை. காயலாங்கடை ஜைனம்புன்னு கேளு, நாய்கூட வழி காட்டும்" என்றார். சிங்கப்பூர் ரயிலில் ஒருவர் கூடையை நாம் உற்றுப் பார்த்தாலே கூடைக்காரர் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடுவார்.

படப்பைக்குத் தாம்பரம் மேற்கிலிருந்து பேருந்து. நின்றுகொண்டேதான் போனேன். ஒரு கால் தரையில், மற்றொரு கால் யாருடைய காலின் மேலோ. படப்பையில் இறங்கி வழி கேட்டேன். நாய் காட்டவில்லை, டீக்கடைக்காரர் காட்டினார். காயலாங்கடையை ஜைனம்புவின் கணவர் பார்த்துக்கொள்கிறார். மறைமலை நகர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வரும் பெட்டிகளைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் பட்டைகள் அவரிடம் எடைக்கு வருகின்றன. அவற்றில் நல்லதை ஜைனம்பு உருவிக்கொள்கிறார். சோப்பு நீரில் ஊறப்போட்டு, கிரீஸ் போகத் துடைத்து, கொடியில் காயப்போட்டிருந்தார். தூரத்தில் பார்த்தால் யாரோ நூடுல்ஸ் உலர்த்துவதுபோல் இருந்தது.

ஜைனம்புக்கு நாற்பது வயது இருக்கும். அடக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. என்னைப் பார்த்ததும் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று காட்டினார். நசுங்கவில்லை. "காஞ்சிபுரம் வரைக்கும் தேடிப் பாருங்கக்கா, இந்த மாதிரி பின்றவ எவளும் இல்ல" என்றார். நான் கூடையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னல் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பட்டையின் நுனி ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. என் காலத்தில் தையல் போட்ட டாக்டர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கை கிடையாது. அதை அவரிடம் சொன்னேன். டாக்டருக்கு மயக்க மருந்து கொடுக்க ஆள் இருக்கிறார், தனக்கு அதுவும் இல்லை என்றார்.

இதே அளவில், இதே நிறத்தில், நாலைந்து கூடை வேண்டும், எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சொன்னேன். யாருக்கு என்றார். அக்கம்பக்கத்தாருக்கு என்றேன். அந்த நேரம் மின்சாரம் போயிற்று. அந்த வருடங்களில் சென்னைக்கு வெளியே மின்வெட்டு தினசரி விருந்தாளி. உள்ளே ஓடிக்கொண்டிருந்த சீரியலில் மாமியார் கதவைத் திறக்கும் இடத்தில் படம் நின்றுவிட்டது. ஜைனம்பு தொலைக்காட்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். டீயும் பொறை ரொட்டியும் வந்தன. "நீங்க சொல்லுங்க. யாரு அவங்கல்லாம், இன்னா பண்றாங்க?" என்று என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பொறையை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டே நான் சொல்லத் தொடங்கினேன். எனக்கும் பேச ஆள் கிடைத்து நாளாயிற்று. மேடம் டான் மீன் வாங்கினால் நடைபாதை முழுக்கச் சொட்டிக்கொண்டே வருவதைச் சொன்னேன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற சாமி அண்ணன் ரொட்டி வாங்கினாலும் யாரும் பார்க்காமல் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வருவதைச் சொன்னேன். கடைசி வீட்டு நெட்டைப் பெண், எதைத் தூக்கினாலும் கூனிக்கொண்டே நடப்பதைச் சொன்னேன். இப்படியே ரோஹானியிடம் வந்துவிட்டேன். அரிசி, ஞாயிற்றுக்கிழமை, செடி, கத்தரிக்கோல், எல்லாம் கொட்டிவிட்டேன். தங்கையிடம் சொல்லாததைக் காயலாங்கடையில் உட்கார்ந்து சொன்னேன். ஜைனம்பு இடையிடையே "அப்பால?" என்று மட்டும் கேட்டார். கை பட்டையை மடித்துக்கொண்டே இருந்தது. மின்சாரம் வந்தபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

சில நாள் கழித்து வாங்கிக்கொள்ளப் போனேன். கூடைகள் தயாராக இருந்தன. ஒன்றுபோல் ஒன்று இல்லை.

ஒன்று அகலமாக, இரண்டு அடுக்கு அடியோடு இருந்தது. மேல் அடுக்கில் சொட்டும் தண்ணீரைக் கீழ் அடுக்கில் நெருக்கிப் பின்னித் தடுத்திருந்தார். அது மேடம் டானுக்கு. ஒன்று சிறியது, மூடி போட்டது, அடுத்தவர் கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியாதபடி இறுக்கிப் பின்னியது. அது சாமி அண்ணனுக்கு. ஒன்றுக்குக் காது மட்டும் அவ்வளவு நீளம், நெட்டைப் பெண் கூனாமல் தூக்குவதற்கு. நான் பேசிய வம்பு முழுவதும் மஞ்சளும் நீலமுமாக என் முன்னால் உட்கார்ந்திருந்தது. இதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். சாமி அண்ணன் மூடியைத் திறந்து பார்த்த அடுத்த நொடி, நான் அவரைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்துவிடும்.

ஒரே மாதிரி என்று சொன்னேனே என்று குரலை உயர்த்தினேன். ஜைனம்பு என்னைவிட உயர்த்தினார். "ஒரே மாதிரி வோணும்னா நேரா கடைக்குப் போயி வாங்கிக்கினு போங்க. ஆளு எப்டின்னு நீங்கதானே சொன்னீங்க? சொன்னதுக்கப்பால எப்டிக்கா ஒரே மாதிரி பின்றது?" அவருக்கு இது உண்மையாகவே புரியவில்லை. நான் அரட்டை அடித்தேன், அவர் அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் நாலாவது கூடையைப் பார்த்தேன். நீளவாக்கில், தொட்டில்போல் இருந்தது. சாதாரணக் கூடைக்கு எதிரும் புதிருமாக இரண்டு காது இருக்கும், சேர்த்துப் பிடித்து ஒரு கையில் தூக்கலாம். இதற்கு நாலு. இந்த முனையில் ஒரு ஜோடி, அந்த முனையில் ஒரு ஜோடி. ஒரு ஜோடியை மட்டும் பிடித்துத் தூக்கினேன். மறுமுனை தொங்கிவிட்டது.

இது யாருக்கு என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்தது.

"பத்து கிலோ அரிசிய ஒரு ஆளு தூக்குனா காது பிஞ்சிடும். நீங்க ரெண்டு பேருதானே தூக்குவீங்க" என்றார்.

இப்போது நாங்கள் பேசுவதில்லை, அதையும்தான் சொன்னேனே என்றேன்.

"சண்டைய கூடையில இன்னாத்த பின்றது? அரிசிய சொன்னீங்க, அரிசிக்குப் பின்னேன்" என்று சொல்லிவிட்டு, அதன் அடிப்பக்கத்தைத் தட்டிக் காட்டத் தொடங்கினார். அந்த அடிக்கு மட்டும் பட்டையை இரட்டையாகப் போட்டிருந்தார். எழுத்து வந்த பட்டைகளையெல்லாம் பொறுக்கி இந்தக் கூடைக்கே கொடுத்திருந்தார். நாலு பக்கமும் அந்தப் புரியாத எழுத்து ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் சுற்றி வந்தது. அதற்கு எத்தனை பட்டையை ஒதுக்கியிருப்பார் என்று நினைத்தபோது கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இவ்வளவு அழகான பொருளை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

மற்ற கூடைகளை அதற்குள் அடுக்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். தாம்பரம் சந்தையில் கொய்யாப்பழம் நன்றாக இருக்கவே அதையும் வாங்கிப் போட்டேன். புத்தி அங்கே வேலை செய்யவில்லை. அங்கிருந்து ரயிலில் வந்து சானடோரியம் நிலையத்தில் இறங்கி மேம்பாலப் படியில் ஏறும்போது கூடை தன் குணத்தைக் காட்டியது. ஒரு முனை கையில் இருக்க, மறுமுனை சாய்ந்து, கொய்யா ஒவ்வொன்றாகப் படியிறங்கிப் போயிற்று. கீழேயிருந்து வந்தவர்கள் ஆளுக்கொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். ஒருவர் மட்டும் கடித்துக்கொண்டே வந்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கல்லூரிப் பெண் ஒருத்தி செல்போனில் யாரையோ திட்டியபடியே கூடையின் மறுமுனை ஜோடிக் காதைப் பிடித்துத் தூக்கினாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பாலத்தைத் தாண்டி இறங்கியதும் விட்டுவிட்டு, திட்டுவதை நிறுத்தாமலே போய்விட்டாள்.

வீட்டில் வசந்தா கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வேறு வழியில்லாமல் அவளிடமும் ரோஹானி கதையைச் சொன்னேன். கதவில் மாட்டிவிட்டு வரும் திட்டத்தையும் சொன்னேன். அவள் கம்பிக்கதவு எவ்வளவு அகலம் என்று கேட்டாள், கையால் கூடையை அளந்தாள். "அக்கா, இதை மாட்ட முடியாது. ஒரு முனையை மாட்டினா மறுமுனை தரையில கிடக்கும். நீ கதவைத் தட்டித்தான் ஆகணும்" என்றாள்.

வேறு ஏதாவது வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பட்டு ஜாக்கெட் துணி இருக்கிறது, வாசனை ஊதுபத்தி இருக்கிறது. மாட்டிவிட்டு ஓடலாம். ஆனால் பையை அடுக்கும்போது கை அந்த நீளக் கூடையைத்தான் எடுத்தது. கணபதி சார் வாசல் வரை வந்து, விமானத்தில் கரண்டிகளுக்கு மேல் கனமான எதையும் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சிங்கப்பூரில் இறங்கியதும் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. படி தானாக நகர்ந்தது, கதவு தானாகத் திறந்தது. கூடையின் மறுமுனையைப் பிடிக்க யாரும் வரவில்லை, வரவேண்டிய தேவையும் இல்லை, தள்ளுவண்டி இருந்தது.

மற்றவர்களின் கூடைகளை அன்றே கொடுத்துவிட்டேன். மேடம் டான் அடியைத் தட்டிப் பார்த்துவிட்டு அப்போதே மீன் வாங்கக் கிளம்பினார். சாமி அண்ணன் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தனக்காகவே செய்ததுபோல் இருக்கிறது என்றார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோஹானியின் கதவைத் தட்டினேன். விமானத்தில் வரும்போதே மலாயில் மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கதவைத் திறந்ததும் மூன்றும் போய்விட்டன. கூடையை நீட்டினேன். ஒரு முனையில்தான் பிடித்திருந்தேன், அது சாய்ந்து அவள் காலருகே தொங்கியது.

அவள் என்னைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்தாள். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு, பின்னலின் நுனியைத் தேடினாள். உள்ளே கை விட்டுத் தடவினாள். நுனி கிடைக்கவில்லை. இரண்டு விரலால் பிடிக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்தாள். கடைசியில் நாலு காதையும் எண்ணினாள்.

"இந்த ஜோடி எனக்கு என்றால் அந்த ஜோடி யாருக்கு?" என்று மலாயில் கேட்டாள்.

"எனக்கு" என்றேன்.

கூடையை அவள் தரையில் வைத்தாள்.

"தலையில் துணி போட்டுக்கொண்டு வருகிறேன். நீ போய் லிஃப்டைப் பிடித்து வை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஓடினேன். லிஃப்டுக்குள் ஏற்கெனவே நாலைந்து பேர் அவசரமாக நின்றிருந்தார்கள். கதவு மூட வரும்போதெல்லாம் காலை வைத்துத் தடுத்தேன். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒருவர் என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று காலை எடுக்காமல் நின்றேன்.